போனில் கேட்ட குரல்

அக்கா அன்றைக்குப் போனை ஏன் வைத்தார் என்பதற்கு என்னிடம் இரண்டு பதில்கள் இருக்கின்றன. ஒரு நாள் ஒன்று சரியாகப் படுகிறது, மறுநாள் மற்றொன்று.

எங்கள் கிளினிக்கில், ஒருவருக்கு இதயம் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயிற்சியை வடிவமைத்தது நான். மதிய இடைவேளையில் கதவைச் சாத்திவிட்டு, இரவல் வாங்கிய பொம்மையை நாற்காலிகளுக்கு நடுவே கிடத்தினோம். 60 வயது ஆண், பேச்சில்லை, மூச்சில்லை. டாக்டர் நெஞ்சை அழுத்த வேண்டும். தாதி காற்றுப்பையைப் பிடிக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த தங்கச்சி, இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏஇடி கருவியைக் கொண்டுவர வேண்டும். முகப்பில் இருக்கும் அக்கா, சிங்கப்பூரில் ஆம்புலன்ஸைக் கூப்பிடும் எண்ணான 995ஐ அழைக்க வேண்டும். நடுவில் ஒரு கொக்கியும் வைத்திருந்தேன்: எங்கள் ஏஇடியில் பேட்டரி தீர்ந்துவிட்டது. புளோக்கின் கீழ்த்தளத்தில், மின்தூக்கிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு ஏஇடி பெட்டி மாட்டியிருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்கு வருகிறோம். யாருக்கு ஞாபகம் வருகிறது, பார்ப்போமே என்று நினைத்தேன். எழுதி முடித்தபோது என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

995இல் பேசுகிறவராக நானே உள்ளறையில் உட்கார்ந்திருந்தேன். இண்டர்காம் அடித்தது. எடுத்து, இங்கிலீஷில், முகவரி என்ன என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். அக்கா மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அப்புறம் டக்கென்று லைன் போய்விட்டது.

வெளியே வந்து பார்த்தால் முகப்பில் ஆளைக் காணோம். தங்கச்சி பேட்டரி இல்லாத கருவியைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழிக்கிறாள். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது அக்கா மின்தூக்கிப் பக்கம், அந்தப் பெட்டியின் கதவில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். "அக்கா, திறக்காதீங்க, நிஜமான பெட்டி!" என்று கத்தினேன். மின்தூக்கிக்குக் காத்திருந்த ஒரு சீனப் பாட்டி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

முடிந்ததும் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசினோம். அப்போது நான் சொன்னது இதுதான்: "அக்கா, நீங்க போனை வெச்சீங்க. அந்த ஆள் செத்துட்டாரு." சிரித்துக்கொண்டேதான் சொன்னேன் என்று நினைக்கிறேன். தங்கச்சி சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

"போன்ல பேசுனது நீங்கதானே தம்பி? உங்க குரல் எனக்குத் தெரியாதா? நீங்க ஏன் எங்கிட்ட இங்கிலீஷ்ல பேசுறீங்கன்னு ஒரு நிமிஷம் ஒண்ணுமே ஓடல."

முதல் பதில் அவர் சொன்னதுதான். ஐந்து வருடமாக என்னோடு தமிழைத் தவிர வேறெதிலும் பேசாதவர். அவசரத்தில் போனை எடுத்தால் அதே குரல் அந்நியனைப் போல முகவரி கேட்கிறது. யாராக இருந்தாலும் தடுமாறத்தான் செய்வார்கள். அப்படியானால் பிழை என்னுடையது. வேறு ஒருவரைப் பேச வைத்திருக்க வேண்டும், இவ்வளவுதான்.

இரண்டாவது பதில், அது சாக்கு. அக்கா நாள் முழுக்க அங்கிள்களிடமும் ஆன்ட்டிகளிடமும் இங்கிலீஷ் பேசுகிறவர், மலாயும் பேசுவார். எங்கள் புளோக் எண்ணையும் யூனிட் எண்ணையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பயந்துவிட்டார். பயந்ததில் தவறில்லை, ஆனால் போனை வைத்தது தவறு. நிஜத்தில் 995இல் இருப்பவர் லைனிலேயே இருந்து, நெஞ்சை எப்படி அழுத்துவது என்று சொல்லித் தருவார். இதயம் நின்ற பிறகு மின்னதிர்ச்சி தருவது தள்ளிப்போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. இதைச் சொல்லாமல் பயிற்சி எதற்கு?

ஆனால் அந்த மின்னதிர்ச்சியைக் கொடுக்கும் கருவியைத் தேடி ஓடியது யார்? நான் வைத்த கொக்கியை அவிழ்த்தவர் அக்கா ஒருவர்தான். என் மதிப்பீட்டுத் தாளில் அதற்கு இடமே இல்லை. ஏஇடி தங்கச்சியின் கட்டம், அங்கே பூஜ்யம். 995 அக்காவின் கட்டம், அங்கேயும் பூஜ்யம். ஓடிப்போனதை எழுத ஒரு கட்டம் போட எனக்குத் தோன்றவில்லை. இப்போது இதை எழுதும்போதும், அப்படி ஒரு கட்டம் போட்டால் ஆளாளுக்கு இஷ்டப்படி ஓடுவார்களே என்றுதான் மனசு முதலில் சொல்கிறது.

அடுத்த வாரம், 995இல் கேட்கும் கேள்விகளையும் பதில்களையும் தமிழ் எழுத்தில் ஒரு அட்டையில் அடித்து, லேமினேட் செய்து, போனுக்கு மேலே ஒட்டினேன். மாலையில் அட்டை என் மேசைமேல் கிடந்தது. "வர்றவங்க எல்லாரும் பாக்குற இடம் அது," என்றார் அக்கா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மருந்து ஸ்டிக்கர் இருக்கும் இழுப்பறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

இரண்டாவது ஒத்திகைக்கு வேறொரு கிளினிக்கில் வேலை செய்யும் நண்பரைப் பேச வைத்தேன். அக்கா தடுமாறவே இல்லை. முகவரி, நோயாளியின் நிலை எல்லாம் சொல்லிவிட்டு, ஆம்புலன்ஸுக்கு வழி காட்டக் கார் பார்க்கில் ஆளை நிறுத்துவதாகவும் சொன்னார். கடைசியாகச் சொன்னது என் தாளிலேயே இல்லை. அப்படியென்றால் முதல் பதில்தான் சரி. ஆனால் இந்த முறை தேதியை முன்கூட்டியே சொல்லியிருந்தேன்.

அந்தத் தாளையும் கோப்பில் வைத்தேன். அதைக் காட்டிக் கையெழுத்து வாங்கப் போனபோது, "வேர் டு சைன், சார்?" என்று கேட்டார் அக்கா. இப்போதெல்லாம் என்னிடம் அப்படித்தான் பேசுகிறார்.