மேகம்

ஏப்ரல் 8
அம்மாவுக்குச் சதைத் துணுக்கு எடுத்து லேபுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரம் ஆகுமாம். எடை 43 கிலோ.

ஏப்ரல் 9
தூக்கமில்லை. மொட்டை மாடியில் ஆறு அங்குல டெலஸ்கோப்பைக் கன்னி ராசிப் பக்கம் திருப்பினேன். இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே என்ஜிசி 4526 என்ற விண்மீன் மண்டலம். ஊதினால் கலைந்துவிடும் போல ஒரு நீளவாட்டுப் புகை. கடல் காற்றில் லென்ஸ் பிசுபிசுத்தது. "பனியில நிக்காதடி" என்று கீழிருந்து அம்மா. குரல் பழைய மாதிரியே இருந்தது.

ஏப்ரல் 10
ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த அதன் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். லென்ஸ் வடிவ விண்மீன் மண்டலம், நடுவே பழுப்பு வளையமாகத் தூசு. இடது கீழே, எல்லாவற்றையும் விட்டு ஒதுங்கி, ஒரு வெள்ளைப் புள்ளி: எஸ்என் 1994டி, வெடித்த நட்சத்திரம் (சூப்பர்நோவா). 1994 மார்ச்சில் கண்டுபிடித்தார்கள், இரண்டு வாரத்தில் உச்சம். 5 கோடி ஒளி ஆண்டு தள்ளியிருக்கும் ஒற்றை நட்சத்திரம் அது. எரிந்து ஓய்ந்த வெண்குள்ளன். அதற்குத் தாங்கும் எடை சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குதான்; அதை நெருங்கினால் வெடிக்கும். 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது, 19 வயதில், இயற்பியலாளர் சந்திரசேகர் தொடங்கிய கணக்கு.

ஏப்ரல் 11
மேகம். 42.700.

ஏப்ரல் 12
இன்றும் மேகம். லெ ஜாந்தி ஞாபகம். வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க 1760-ல் பிரான்சிலிருந்து கிளம்பிய வானியலாளர். 1761-ல் வெள்ளி கடந்தபோது புதுச்சேரி ஆங்கிலேயர் கையில், அவர் நடுக்கடலில். அடுத்ததற்கு எட்டு வருஷம் காத்திருந்து, 1769 ஜூன் 4 காலையில் இதே ஊரில் நின்றார். அந்த நேரம் பார்த்து மேகம். கடந்து முடிந்த பிறகு வெயில் வந்ததாம். இரண்டு வாரத்துக்கு மேல் பேனாவைத் தொடவே மனம் வரவில்லையாம் அவருக்கு. எட்டு வருஷம். எனக்கு இன்னும் மூன்று நாள்.

ஏப்ரல் 13
நட்சத்திரம் வெடித்தபின் அந்த ஒளியைத் தாங்குவது கதிரியக்க நிக்கல். ஆறு நாளில் அதில் பாதி கோபால்ட்டாகிவிடும். கோபால்ட்டில் பாதி இரும்பாக 77 நாள். நம் ரத்தத்தில் இருக்கும் இரும்பில் நிறைய இப்படி வெடித்த நட்சத்திரங்களில் உண்டானதுதான். ராத்திரி அம்மாவுக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தேன். உள்ளங்கை வியர்வையில் சிவப்புச் சாயம் ஒட்டியது. கழுவாமலே படுத்தேன்.

ஏப்ரல் 14
சித்திரை ஒன்று. லேப் லீவு. வேப்பம்பூ பச்சடி வைத்தேன். வெல்லம் பத்தவில்லை என்றாள். ஆனாலும் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்!

ராத்திரி 11 மணிக்கு வானம் திறந்தது. புகை அதே இடத்தில் இருந்தது. அம்மாவைக் கைத்தாங்கலாக ஏற்றிக் காட்டினேன். "ஒண்ணும் தெரியலையேடி" என்றாள். நேராகப் பார்க்காமல் கொஞ்சம் ஓரமாகப் பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

ஏப்ரல் 15
10 மணிக்கு வரச் சொன்னார்கள். அம்மா புடவை மாற்றுகிறாள். ஆட்டோ வந்துவிட்டது.