பவளத்திடம் எதைக் கேட்கலாம்

ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் தொல்பவளத் துண்டைக் கையில் வாங்கியதும் கேட்பது ஒன்றுதான்: "இது உயிரோடு இருந்தப்ப கடல் எத்தனை டிகிரி இருந்தது?" நியாயமான கேள்வி. ஆனாலும் நான் உடனே ஓர் எண்ணைச் சொல்லிவிடுவதில்லை. ஒரு பவளத்தால் பதில் சொல்ல முடிகிற கேள்விகளிலேயே இதுதான் அதற்கு மிகவும் சிரமமானது.

நான் அதிகம் கையாள்வது போரைட்டிஸ் வகை. பெரிய உருண்டையாக, ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். உள்ளிருந்து துளைத்தெடுத்த உருளைத் துண்டை மெல்லிய பலகையாக அறுத்து எக்ஸ்ரே எடுத்தால் அடர்த்தி கூடியும் குறைந்தும் பட்டைகள் தெரியும். ஒரு ஜோடிப் பட்டை ஓர் ஆண்டு. இதை 1972-இல் வெளியான ஆய்வு பசிபிக்கின் எனிவெடாக் பவளத்தீவில் உறுதிசெய்தது. அங்கே நடந்த அணுகுண்டுச் சோதனைகளின் கதிரியக்கம் பவளத்தின் எலும்புக்கூட்டிலும் பதிந்திருந்தது. சோதனை நடந்த ஆண்டுகள் தெரியும் என்பதால் பட்டைகளை எண்ணிச் சரிபார்க்க முடிந்தது. அந்தத் தீவின் மக்களை வெளியேற்றிவிட்டு நடத்திய சோதனைகள் அவை. அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் ஞாபகம் வரும்.

எக்ஸ்ரேயை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருப்பேன். பவளம் நேராக மேல்நோக்கி வளர்ந்த பாதை எது, சாய்ந்து வளர்ந்த இடம் எது என்று பிரித்துக் குறித்த பிறகுதான் ட்ரில்லைத் தொடுவது. சாய்ந்த பகுதியில் எடுத்த தூள், கடல் மாறாதபோதும் மாறியதாகக் காட்டும். நல்ல பாதை கிடைத்தால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் தூளை வாங்கிக்கொண்டே போவேன். ஒவ்வொரு சிட்டிகையும் சுமார் ஒரு மாதக் கடல்.

அந்தத் தூளில் ஆயிரம் கால்சியம் அணுக்களுக்கு ஒன்பது போல ஸ்ட்ரான்சியம் அணுக்கள் இருக்கும். நீர் குளிர்ந்தால் ஸ்ட்ரான்சியம் சற்றுக் கூடும், சூடானால் குறையும். ஒரு டிகிரி மாற்றத்துக்கு இந்த விகிதம் மாறுவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆக்சிஜன் ஐசோடோப்புகளின், அதாவது எடை வேறுபட்ட ஆக்சிஜன் அணுக்களின், விகிதமும் வெப்பத்துக்கு ஏற்ப மாறும். ஆனால் மழையும் ஆவியாதலும் அவற்றில் கலந்துவிடும். இரண்டையும் ஒரே தூளில் அளந்தால், ஸ்ட்ரான்சியம் சொன்ன வெப்பத்தை ஆக்சிஜனிலிருந்து கழித்துவிடலாம். எஞ்சுவது அந்தக் கடலின் உப்பும் மழையும் பற்றிய செய்தி. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த கட்டம் அது.

உயிரோடு இருக்கும் பவளத்தை, பக்கத்தில் தொங்கும் வெப்பமானியோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். தொல்பவளத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. முதல் ஆபத்து, மழைநீர். பவளத்தின் எலும்புக்கூடு அரகோனைட் என்ற கால்சியம் கார்பனேட் கனிமம். அது கரைந்து, அதன் இன்னொரு படிக வடிவமான கால்சைட்டாக மறுபடி படிந்தால் ஸ்ட்ரான்சியம் வெளியேறிவிடும். கடல் இருந்ததைவிடச் சூடாகத் தெரியும். துளைகளில் புதிய அரகோனைட் ஊசிகள் வளர்ந்திருந்தால் நேர்மாறாக, குளிராகத் தெரியும். அதனால் எந்தக் கனிமம் என்று காட்டும் எக்ஸ்ரே விளிம்பு விளைவுச் (diffraction) சோதனையும் நுண்ணோக்கியும் தாண்டாத துண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்கிவிட வேண்டியதுதான். இதில் நான் சமரசம் செய்வதில்லை.

இரண்டாவது சிக்கல், தேறிய துண்டுகளிலும் தொடரும். ஒரே திட்டில் அடுத்தடுத்து வளர்ந்த இரண்டு போரைட்டிஸ்கள்கூட ஒரே சராசரியைக் காட்டாது. வேறுபாடு ஒரு டிகிரிக்கு மேலும் போகலாம்.

மூன்றாவது கடலே. 1994-இல் கரீபியனின் பார்படோஸ் தீவுப் பவளங்களை வைத்து, பனியுகத்தின் உச்சத்தை ஒட்டி வெப்பமண்டலக் கடல் இன்றைவிட ஐந்து டிகிரி குளிர்ந்திருந்தது என்று அறிவித்தார்கள். பெரும் பரபரப்பு. ஏனென்றால் நுண்ணுயிர் ஓடுகளை வைத்து அதற்கு முன், பனியுகக் கடலின் வெப்பத்தை வரைபடமாக்கிய கிளைமேப் (CLIMAP) திட்டம் போட்ட கணக்கில் அந்தக் கடல்கள் பெரிதாகக் குளிரவே இல்லை. பின்னால் ஒரு விஷயம் தெரிந்தது: கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் இறங்கியபோது, கரையேறிக் கிடந்த பழைய பவளத்திட்டுகளை மழை கரைத்து, அவற்றின் ஸ்ட்ரான்சியத்தைக் கடலில் சேர்த்திருக்கும். கடல்நீரின் விகிதம் ஒரு சதவீதம் கூடினாலே போதும், பவளக் கணக்கில் ஒன்றரை டிகிரி போலிக் குளிர் வந்துவிடும். ஐந்து டிகிரி கூடுதலான மதிப்பீடுதான் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் வெப்பமண்டலம் அசையாது என்ற நம்பிக்கையை அசைத்தது அந்தப் பவளங்கள். அந்தப் பெருமை அவற்றுக்குச் சேர வேண்டும்.

இந்த மூன்றில் இரண்டாவதும் மூன்றாவதும் சராசரியைத்தான் கெடுக்கின்றன. கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையே எவ்வளவு ஏறி இறங்கியது, எந்த ஆண்டு வழக்கத்தை மீறியது என்பதை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. அதனால் பவளத்திடம் கேட்க வேண்டியது ஊசலாட்டத்தைத்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாப்புவா நியூ கினியின் ஹுவான் தீபகற்பத்தில், நிலம் உயர்ந்ததால் மேலே வந்த பவள மேடைகள் இருக்கின்றன. கடந்த 1,30,000 ஆண்டுகளில் பனியுகங்களின்போதும் எல் நினோ (சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெப்பமண்டலப் பசிபிக் வழக்கத்தைவிடச் சூடாவது) நிற்கவில்லை, வலு மட்டும் குறைந்திருந்தது என்று 2001-இல் அவை காட்டின. பசிபிக்கின் பால்மைரா தீவில் புயல் கரையில் வீசிய பவளத் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி, கடந்த 1,100 ஆண்டுகளில் சில பகுதிகளை 2003-இல் மீட்டெடுத்தார்கள். அதில் எல் நினோ மிகத் தீவிரமாக இருந்தது 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். அந்தக் காலத்தில் பசிபிக்கின் நடுவே வெப்பமானியோடு யாரும் இருந்திருக்க முடியாது.

சராசரியே வேண்டும் என்றால் வழி இருக்கிறது, செலவுதான் அதிகம். ஒரே மேடையிலிருந்து பல காலனிகள், அதாவது தனித்தனிப் பவள உருண்டைகள், வேண்டும். யுரேனியம்-தோரியம் முறையில் எல்லாவற்றுக்கும் வயது பார்க்க வேண்டும். உயிருள்ள பவளம் கடல்நீரிலிருந்து யுரேனியத்தை எடுத்துக்கொள்ளும், தோரியத்தை ஏறக்குறைய எடுக்காது. பிற்பாடு அந்த யுரேனியம் சிதைந்து சேர்ந்த தோரியம்தான் கடிகாரம். இப்போது நான் பார்க்கும் தொகுப்பில் முதல் காலனி தேறிவிட்டது. இரண்டாவதில் கால்சைட் இருக்கிறது, ஒதுக்கிவிட்டேன். மூன்றாவது அறுப்புக்குப் போயிருக்கிறது. அதன் எக்ஸ்ரே வரும்வரை சராசரி வெப்பநிலை என்று எந்த எண்ணையும் அட்டவணையில் எழுதப்போவதில்லை.