எக்ஸ்எல் வண்டிக்கு இன்சூரன்ஸ் போடப் போகிறீர்களா, முதலில் இதைப் பாருங்கள்

மதுரையைச் சுற்றி எந்த ஊருக்குப் போனாலும் டிவிஎஸ் எக்ஸ்எல் நிற்காத தெரு கிடையாது. விடிகாலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு மூட்டையோடு வருவதும் அதுதான், சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கட்டு சுமப்பதும் அதுதான், சாயங்காலம் பிள்ளையை டியூஷனில் இறக்கிவிடுவதும் அதுதான். ஆனால் இன்சூரன்ஸ் முடிந்து வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். கேட்டால், "வண்டியே பதினஞ்சாயிரம் போகாது, அதுக்கு ரெண்டாயிரம் அழணுமா?" என்கிறார்கள். அந்த ரெண்டாயிரம் என்ற கணக்கு சரியில்லை, அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ், அதாவது நம் வண்டி இடித்த அடுத்தவருக்கான காப்பீடு. அதன் விலையைக் கம்பெனிகள் முடிவு செய்வதில்லை, மத்திய அரசு அறிவிக்கிறது. அதனால் அரசுக் கம்பெனியில் போட்டாலும், தனியாரிடம் போட்டாலும், போனில் போட்டாலும், கடையில் போட்டாலும் அதற்கு ஒரே தொகைதான். 2022 ஜூன் 1 முதல் வந்த பட்டியலில் 75 சிசி வரை வருஷத்துக்கு 538 ரூபாய், அதற்கு மேல் 150 சிசி வரை 714 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் சுமார் 635, சுமார் 843. அரசு பட்டியலை மாற்றினால் எல்லாக் கம்பெனியிலும் ஒன்றாக மாறும். எனவே தேர்ட் பார்ட்டி எங்கே சல்லிசு என்று பத்து ஆப்பில் தேடுவது வீண் அலைச்சல். ஆளாளுக்கு விலை ஏறுவது பில்லில் அதற்குக் கீழே எழுதியிருக்கும் மற்ற வரிகளில்தான்.

சித்தப்பாவின் பழைய எக்ஸ்எல் சூப்பருக்கு, லேப்டாப் வைத்து இன்சூரன்ஸ் போடும் ஒரு கடையில் 1,900 ரூபாய் கேட்டார்கள். "இம்புட்டு கேக்குறாய்ங்களேப்பா, நீ ஒரு தடவ பாரு" என்று அவர் கூப்பிட, நானும் போனேன். முழு விவரத்தையும் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லி ஒவ்வொரு வரியாகப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. தேர்ட் பார்ட்டிக்கு 714 என்று இருந்தது. எக்ஸ்எல் சூப்பர் 69.9 சிசி, அதற்கு 538தான் வரவேண்டும். எக்ஸ்எல் 100 தான் 99.7 சிசி, 714 அதற்குரிய தொகை. கடைக்காரத் தம்பி மாடல் பட்டியலில் எக்ஸ்எல் 100-ஐத் தேர்ந்தெடுத்திருந்தார். ஆர்சி புக்கில் சிசி போட்டிருக்கும் இடத்தைக் காட்டியதும் மாற்றிவிட்டார், ஜிஎஸ்டியோடு 200 ரூபாய்க்கு மேல் குறைந்தது. இது காசு விஷயம் மட்டும் இல்லை. பாலிசியில் மாடலோ இன்ஜின் நம்பரோ தப்பாக இருந்தால் நாளைக்கு கிளைம் என்று போகும்போது அதையே காட்டி இழுத்தடிப்பார்கள். அடுத்த வரி ரோட்டில் நின்றுபோனால் வந்து உதவும் சேவை. சித்தப்பா ஓட்டுவது மேலூருக்கும் அவர் கிராமத்துக்கும் நடுவே, பஞ்சர் என்றால் மெக்கானிக்கே தேடி வந்துவிடுவார். அதை நீக்கச் சொன்னோம். கடைசியில் பாலிசிக்குள்ளேயே வராத ஒரு சர்வீஸ் சார்ஜ். அவர் உழைப்புக்குக் கேட்பது நியாயம்தான், ஆனால் அது எவ்வளவு என்று தனியாகச் சொல்லிவிட்டு வாங்க வேண்டும்.

குறைக்கக் கூடாத வரி ஒன்று உண்டு: ஓட்டும் உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு. 15 லட்சம் ரூபாய் கவரேஜ். இதன் விலை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஏற்கெனவே 15 லட்சத்துக்கு விபத்துப் பாலிசி இருந்தாலோ, வீட்டில் உங்கள் பெயரிலேயே உள்ள இன்னொரு வண்டியில் இதைப் போட்டிருந்தாலோ மறுபடி கட்ட வேண்டாம், அப்படிச் சொல்லி நீக்கிவிடலாம். அது இல்லாமல், காசு மிச்சம் என்பதற்காக மட்டும் நீக்காதீர்கள். தேர்ட் பார்ட்டி என்பது நீங்கள் இடித்த அடுத்தவருக்குத்தான், உங்களுக்கு அதில் பைசா கிடையாது. இன்னொன்று, இந்தக் கவர் ஆர்சியில் பெயர் இருப்பவருக்கு மட்டும், அதுவும் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால்தான். அப்பா பெயரில் வண்டி, ஓட்டுவது மகன் என்றால் மகனுக்கு இது வராது. நம் பக்கம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய எக்ஸ்எல் மூன்று கை மாறியும் முதல் ஆள் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். முதலில் பெயர் மாற்றுங்கள், பிறகு இன்சூரன்ஸ் போடுங்கள்.

நான் எல்லாவற்றையும் விட அழுத்திச் சொல்ல நினைப்பது பின்னால் உட்காருகிறவரைப் பற்றி. வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியில் பின்சீட்டில் இருப்பவருக்குப் பாதுகாப்பு இல்லை. 2006-இல் ஒரு ஸ்கூட்டர் வழக்கில் உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்கள் வண்டி தானாகச் சறுக்கியோ, உங்கள் தவறாலோ பின்னால் இருந்த அம்மாவுக்கு அடிபட்டால், அந்த பாலிசி கைகொடுக்காது. எதிரில் வந்த வண்டியின் தவறு என்றால் அந்த வண்டியின் இன்சூரன்ஸில் கேட்கலாம், அது வேறு. நம் ஊரில் மொபெட்டைத் தனியாக ஓட்டுகிறவர் யார்? மனைவி, அம்மா, பேத்தி என்று யாராவது ஒருவர் பின்னால் இருக்கிறார்கள். திருமங்கலம் ரோட்டில் லாரிக்கு ஒதுங்கி மண்ணில் இறக்கினாலே வண்டி ஆடும். எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன், ஒருவருக்குக்கூட இது தெரியவில்லை, போட்டுக் கொடுக்கிறவர்களும் சொல்வதில்லை. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம்.

இதற்கு வழி ஃபுல் இன்சூரன்ஸ். அந்த பாலிசியில் பின்சீட்காரருக்கான பொறுப்பையும் கம்பெனி ஏற்கிறது. ஃபுல் என்றதும் எல்லோரும் பயப்படுகிறார்கள், பழைய மொபெட்டுக்கு அது பயப்படும் தொகையே இல்லை. வண்டியின் இன்றைய மதிப்பை, அதாவது ஐடிவியை வைத்துத்தான் அந்தப் பகுதியைப் போடுவார்கள். பழைய கட்டண முறையில் நம் பக்கம் 150 சிசிக்குள் பத்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஏறக்குறைய 1.8 சதவீதம். இப்போது அந்தப் பகுதி கம்பெனிகளின் இஷ்டம், ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்க்க அது உதவும். 15,000 ரூபாய் மதிப்புக்கு 270 ரூபாய், அதிலும் தள்ளுபடி கிடைக்கலாம். இந்தக் காசுக்கு வண்டி திருட்டுப் போனாலும் பாதுகாப்பு, பின்னால் இருப்பவருக்கும் பாதுகாப்பு. ரொம்பப் பழைய வண்டிக்குச் சில கம்பெனிகள் தர மாட்டார்கள், நாலு இடத்தில் கேட்க வேண்டியிருக்கும். அப்படி அலைவதில் அர்த்தம் இருக்கிறது.

பாலிசி முடிவதற்குள் புதுப்பித்தால்தான் இதெல்லாம் சுலபம். விட்டுவிட்டால் ஃபுல் இன்சூரன்ஸுக்கு வண்டியைக் காட்டச் சொல்வார்கள், அல்லது போட்டோ கேட்பார்கள். 90 நாள் தாண்டினால் கிளைம் செய்யாமல் சேர்த்த போனஸும் போய்விடும். முதல் வருஷம் 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும் தள்ளுபடி அது. இன்சூரன்ஸே இல்லாமல் போலீஸில் மாட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், அடுத்த தடவை 4,000. முதல் அபராதக் காசில் எக்ஸ்எல் சூப்பருக்கு மூன்று வருஷத்துத் தேர்ட் பார்ட்டி கட்டி முடித்திருக்கலாம். ஆளை இடித்துவிட்டால் தீர்ப்பாயம் சொல்லும் நஷ்டஈடு லட்சக்கணக்கில் போகும், அது நிலத்தை விற்கும் நிலைக்குக் கொண்டுவிடும்.

சமீபத்தில் புதிதாக வாங்கிய வண்டி என்றால் கடைக்குப் போகும் முன் பழைய பேப்பரைப் பாருங்கள். 2018 செப்டம்பர் 1 முதல், உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி, புது டூவீலருக்கு ஐந்து வருஷத் தேர்ட் பார்ட்டியை ஷோரூமிலேயே சேர்த்துக் கட்ட வைக்கிறார்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மறுபடி தேர்ட் பார்ட்டிக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, வண்டி சேதத்துக்கான பாலிசி மட்டும் தனியாகக் கிடைக்கும்.

காசு கட்டி முடிந்ததும் சில நாள் கழித்து அரசின் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டு, இன்சூரன்ஸ் தேதி மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால் பாலிசியில் போட்டிருக்கும் கம்பெனிக்கே நேரடியாகப் போன் செய்து பாலிசி நம்பரைச் சொல்லிக் கேளுங்கள், போலி பேப்பர் கொடுத்து ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பூ, பால், காய்கறி ஏற்றுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. சொந்த உபயோகத்துக்கான டூவீலர் பாலிசியில் வாடகைக்கு ஓட்டுவதும் சரக்கு ஏற்றுவதும் சேராது என்று எழுதியிருக்கும், சொந்தச் சாமானுக்கு மட்டும் விலக்கு. உங்கள் தொழிலே வண்டியில்தான் என்றால் போடும்போதே அதைச் சொல்லுங்கள், கம்பெனி என்ன பதில் சொல்கிறதோ அதை மெயிலிலோ பேப்பரிலோ எழுதி வாங்கி ஆர்சி புக்கோடு சேர்த்து வையுங்கள். சித்தப்பாவும் தேங்காய் ஏற்றுகிறவர்தான், அவருக்கு இந்தக் கடிதத்தைக் கேட்டு எழுதியிருக்கிறோம்.