வான்வெளி வகுப்புகள்: பயிற்றுநர் தேர்வுக்குப் படித்ததும் வகுப்பில் கற்பித்ததும்

அமெரிக்காவில் விமானப் பயிற்றுநர் உரிமத்துக்கான வாய்மொழித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் பலரும் வான்வெளி வகுப்புகளை, அதாவது பறக்கும் விதிகளுக்கேற்ப வானத்தைப் பிரித்து எழுத்துகளால் பெயரிட்ட பகுதிகளை, ஓர் அட்டவணையாகவே படிக்கிறார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். ஏ, பி, சி, டி, ஈ, ஜி ஆகிய ஆறுக்கும் உயரம், பார்வைத் தூரம், மேகத்திலிருந்து விலக வேண்டிய அளவு, தேவையான கருவி என எல்லாவற்றையும் அட்டைகளில் எழுதி, கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தேன். ஒத்திகைத் தேர்வில் மூத்த பயிற்றுநர் ஒருவர் நான் ஒப்பித்து முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு செக்‌ஷனல் எனப்படும் விமானிகளுக்கான வரைபடத்தில் ஈ வகுப்புப் பகுதி ஒன்றின் மீது பென்சிலை வைத்து, “இங்கே மேகத்திலிருந்து 2,000 அடி தள்ளிப் பறக்க வேண்டும் என்கிறீர்கள். அந்த மேகத்துக்குள் யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

பயிற்றுநர் தேர்வின் முதல் பகுதியே கற்பித்தலின் அடிப்படைகள்தான். மனப்பாடம், புரிதல், பயன்படுத்துதல், தொடர்புபடுத்துதல் என்று கற்றலின் நான்கு படிகளை அதில் விளக்க வேண்டும். அந்த நான்கையும் விளக்கத் தெரிந்த நான், வான்வெளியைப் பொறுத்தவரை முதல் படியிலேயே நின்றுகொண்டிருந்தேன். அன்று இரவே அட்டைகளை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே “இங்கே யார் பறக்கிறார்கள், ஒருவரையொருவர் எப்படித் தவிர்க்கிறார்கள்?” என்ற கேள்வியை எழுதிப் படிப்பை மீண்டும் தொடங்கினேன்.

வானத்தில் இருவகையினர் பறக்கிறார்கள். ஐ.எஃப்.ஆர். (கருவிவழிப் பறத்தல் விதிகள்) விமானி கட்டுப்பாட்டாளரின் அனுமதியுடன், கருவிகளை நம்பி, மேகத்துக்குள்ளும் பறப்பார். வி.எஃப்.ஆர். (பார்வைவழிப் பறத்தல் விதிகள்) விமானி வெளியே பார்த்துத் தன் கண்களால் மற்றவர்களைத் தவிர்ப்பார். ஈ வகுப்பில் இந்த இருவருமே இருக்கிறார்கள், வி.எஃப்.ஆர். விமானி யாரிடமும் பேச வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆகவே மேகத்தைக் கிழித்துக்கொண்டு திடீரென வெளியே வரும் விமானத்துக்கும் அவருக்கும் இடையே இடைவெளி வேண்டும். 10,000 அடிக்குக் கீழே 3 மைல் பார்வைத் தூரம், மேகத்துக்கு மேலே 1,000 அடி, கீழே 500 அடி, பக்கவாட்டில் 2,000 அடி என்ற விதி அங்கிருந்துதான் பிறக்கிறது. இந்த எண்களின் முதல் இலக்கங்களை (3, 1, 5, 2) ஒரு பயிற்சி விமானத்தின் பெயரோடு சேர்த்துச் சொல்லும் “மூன்று செஸ்னா 152” என்ற நினைவுக்குறிப்பு தவறானதன்று. காரணம் புரிந்த பிறகு அதைச் சொல்லித்தர வேண்டும் என்பதே என் கருத்து.

10,000 அடிக்குக் கீழே வேக வரம்பு 250 நாட் (மணிக்கு 250 கடல் மைல்). அந்த வேகத்தில் ஒரு விமானம் விநாடிக்குச் சுமார் 420 அடி கடக்கும். 2,000 அடி என்பது ஐந்து விநாடிக்கும் குறைவான அவகாசம். இந்தக் கணக்கை மாணவரையே போடச் சொல்லுங்கள். சட்டம் கேட்கும் குறைந்தபட்ச இடைவெளி எவ்வளவு சிறியது என்பதை அவர் தாமே கண்டுகொள்வார்; 10,000 அடிக்கு மேலே அந்த வேக வரம்பு நீங்குவதால்தான் 5 மைல் பார்வைத் தூரமும் பக்கவாட்டில் ஒரு மைலும் கேட்கிறார்கள் என்பதையும் நாம் சொல்லாமலே ஊகித்துவிடுவார்.

தரையை ஒட்டிய ஜி வகுப்பில் பகலில் ஒரு மைல் பார்வைத் தூரமும் மேகத்துக்கு வெளியே இருப்பதும் போதும் என்பது ஏன்? அங்கே கட்டுப்பாட்டாளர் யாரையும் வழிநடத்துவதில்லை. மேகத்திலிருந்து ஒருவர் இறங்கி வருவார் என்ற எதிர்பார்ப்பும் குறைவு. ஆனால் கருவிவழி இறங்கும் விமான நிலையங்களைச் சுற்றி விமானங்கள் தாழ்வாக மேகத்திலிருந்து வெளிவரும் என்பதால், ஈ வகுப்பின் அடித்தளத்தை 1,200 அடியிலிருந்து 700 அடிக்கு இறக்கியிருக்கிறார்கள். வரைபடத்தில் கருஞ்சிவப்பு நிறம் மங்கிக் கரையும் பட்டை இதைத்தான் காட்டுகிறது. புள்ளிக்கோடு போன்ற கருஞ்சிவப்பு வட்டம் இருந்தால் ஈ வகுப்பு தரையிலிருந்தே தொடங்குகிறது.

மாணவர்கள் அதிகம் வியப்பது பி வகுப்பைக் கண்டுதான். நாட்டிலேயே நெரிசலான வான்வெளி அது. அங்கே 3 மைல் பார்வைத் தூரத்துடன் மேகத்துக்கு வெளியே இருந்தாலே போதும் என்கிறது விதி. அனைவரையும் கட்டுப்பாட்டாளரே பிரித்து வைக்கிறார் என்பதால் இந்தத் தளர்வு சாத்தியமாகிறது. அதற்கு ஈடாகத்தான் உள்ளே நுழையத் தெளிவான அனுமதி வேண்டும்.

நுழைவு விதிகளை வெறும் சொற்களாகக் கற்பித்தால் வானில் அவை கைகொடுப்பதில்லை. சி வகுப்பு விமான நிலையம் ஒன்றை நோக்கி என் மாணவர் ஒருவருடன் பறந்துகொண்டிருந்தபோது, அவர் ரேடியோவில் அழைத்தார். “ஏர்கிராஃப்ட் காலிங், ஸ்டாண்ட்பை” (அழைக்கும் விமானமே, காத்திரு) என்று பதில் வந்தது. தொடர்பு கிடைத்துவிட்டது என்று நினைத்து அவர் நேராகவே சென்றார். நான் விமானத்தைத் திருப்பச் சொன்னேன். சி, டி வகுப்புகளில் கட்டுப்பாட்டாளர் நம் அழைப்புக்குறியை, அதாவது ரேடியோவில் நம் விமானத்தை அடையாளப்படுத்தும் பெயரை, சொல்ல வேண்டும். அதைச் சொல்லி “ஸ்டாண்ட்பை” என்றாலும் இருவழித் தொடர்பு ஏற்பட்டுவிடும், சொல்லாவிட்டால் ஏற்படாது. பி வகுப்பிலோ அழைப்புக்குறியும் போதாது, ரேடாரில் தெரிகிறீர்கள் என்பதும் போதாது. நுழைய அனுமதி என்ற சொல்லே காதில் விழ வேண்டும். தவறு என்னுடையது என்றே கருதுகிறேன். தரையில் வகுப்பு எடுத்தபோது இந்த மூன்று பதில்களையும் நான் அவருக்குப் பேசிக்காட்டவில்லை. இப்போது கட்டுப்பாட்டாளர் வேடத்தில் நானே பேசி, “நுழைவீர்களா, திரும்புவீர்களா?” என்று ஒவ்வொரு பதிலுக்கும் கேட்கிறேன்.

விதிகளின் பின்னே மனித உயிர்கள் இருக்கின்றன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1986 ஆகஸ்ட் 31 அன்று, வானம் தெளிவாக இருந்த ஞாயிற்றுக்கிழமை நண்பகல் வேளையில், லாஸ் ஏஞ்சலஸில் இறங்கவிருந்த ஏரோமெக்சிகோ 498 விமானமும் டாரன்ஸிலிருந்து பிக் பேர் நோக்கிப் புறப்பட்ட பைப்பர் ஆர்ச்சர் ஒன்றும் செரிட்டோஸ் நகரின் மேலே மோதிக்கொண்டன. தரையில் இருந்த 15 பேர் உட்பட 82 பேர் இறந்தார்கள். சிறிய விமானம் அனுமதியின்றி அன்று டி.சி.ஏ. (முனையக் கட்டுப்பாட்டுப் பகுதி) எனப்பட்ட வான்வெளிக்குள் இருந்தது. ரேடாருக்குப் பதில் அனுப்பும் கருவியான அதன் டிரான்ஸ்பாண்டர் உயரத்தைத் தெரிவிக்கவில்லை. உயரம் தெரிவிக்கும் டிரான்ஸ்பாண்டர் வேண்டும் என்ற விதியும், பயணிகள் விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவியும் இதற்குப் பின்னர் வலுப்பெற்றன. 1993 செப்டம்பரில் எழுத்து வகுப்புகள் வந்தபோது டி.சி.ஏ.தான் பி வகுப்பாயிற்று. பி வகுப்பு விமான நிலையத்தைச் சுற்றி அந்த டிரான்ஸ்பாண்டர் தேவைப்படும் 30 கடல் மைல் வட்டத்தை வெறும் மெல்லிய கோடாகப் பார்த்த மாணவர், இதைக் கேட்ட பிறகு அப்படிப் பார்ப்பதில்லை.

எனக்குப் பெரிதும் பயன்பட்ட வழி குறுக்குவெட்டுப் படம். பி வகுப்பைத் தலைகீழாகக் கவிழ்த்த அடுக்கு கேக் என்று அமெரிக்கப் பயிற்றுநர்கள் சொல்வார்கள். எனக்கு அது தலைகீழாக நிறுத்திய கோபுரமாகத் தோன்றும். மாணவர் செல்லவிருக்கும் பாதையை வரைபடத்தில் ஒரு கோடாக இழுத்து, வெள்ளைத்தாளில் அதைப் பக்கவாட்டில் வரையச் சொல்வேன். 100-க்குக் கீழே கோடிட்டு 50 என்று அச்சாகியிருந்தால் மேற்தளம் 10,000 அடி, அடித்தளம் 5,000 அடி. அந்தத் தட்டுகளை ஒவ்வொன்றாக வரைந்த பின், 3,500 அடியில் பென்சிலை மெல்ல நகர்த்தி, எந்த இடத்தில் யாரிடம் பேச வேண்டும், எவ்வளவு தூரம் தெரிய வேண்டும் என்று கேட்பேன். பி வகுப்புத் தட்டின் அடியில் வேகம் 200 நாட்டைத் தாண்டக்கூடாது என்பதை அப்போது சொன்னால் மறக்காது. எஃப் எங்கே என்று யாராவது கேட்பார்கள். சர்வதேச வரிசையில் அது உண்டு, அமெரிக்கா அதைப் பயன்படுத்துவதில்லை என்று சொல்லி மேலே செல்லலாம்.

தேர்வன்று தேர்வாளர் என்னிடம் கேட்டதும் இதுவே: தம்மை முதல் வாரத்து மாணவராகக் கருதி ஈ வகுப்பைக் கற்பிக்கச் சொன்னார். நான் பலகையில் முதலில் ஒரு மேகத்தை வரைந்து, அதற்குள் ஒரு விமானத்தை வரைந்தேன். எண்களை எழுதுவதற்குள்ளேயே அவர் அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார்.

பயிற்சி விமானி பி வகுப்பில் தனியாகப் பறக்க, குறிப்பிட்ட அந்த வான்வெளியிலேயே அவருக்குப் பயிற்சி தந்து, அதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் பயிற்றுநர் அவருடைய பதிவேட்டில் கையெழுத்திட்டிருக்க வேண்டும். அந்தக் கையெழுத்தைப் போடுவதற்கு முன், வரைபடத்தை மூடி வைத்துவிட்டு, அவர் பறக்கப்போகும் பாதையின் குறுக்குவெட்டை நினைவிலிருந்து வரைந்து காட்டச் சொல்கிறேன்.