சர்வர் உரிமமும் ஷிப்ட் கணக்கும்

ராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் காலணியின் மேல்பாகம் தைக்கும் தொழிற்சாலை ஒன்றின் கணினிப் பிரிவை நான் கவனித்து வருகிறேன். நாங்கள் பயன்படுத்திவந்த, மைக்ரோசாஃப்டின் சர்வர் இயங்குதளமான விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 பதிப்புக்கான நீட்டிக்கப்பட்ட ஆதரவு 2023 அக்டோபர் 10ஆம் தேதியோடு முடிந்துபோனதால், புதிய சர்வர் வாங்கி அதில் 2022 பதிப்பை நிறுவ நிர்வாகம் ஒப்புக்கொண்டது. வன்பொருளைத் தேர்ந்தெடுக்கும் வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. உரிமங்களைக் கணக்கிட்டு, அந்தக் கணக்கை முதலாளிக்கும் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கும் விளங்கவைத்துக் கையெழுத்து வாங்குவதில்தான் பெரும்பாலான காலம் கழிந்தது.

வேலூர் விற்பனையாளர் ஒருவர் அனுப்பிய முதல் கொட்டேஷனில் ‘சர்வர் உரிமம் – 1’ என்று மட்டுமே எழுதியிருந்தது. 2016 பதிப்பிலிருந்தே விண்டோஸ் சர்வருக்கான உரிமம் பிராசஸரில் உள்ள கோர்களின் (கணக்கிடும் தனித்தனி அலகுகளின்) எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதால், அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு எதையும் முடிவுசெய்ய இயலாது. ஒரு பிராசஸருக்குக் குறைந்தது 8 கோர், ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர் என்பது விதி. எங்கள் சர்வரில் 12 கோர் கொண்ட பிராசஸர்கள் இரண்டு. ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர் த்ரெடிங் காரணமாகத் திரையில் 48 என்று தெரிந்தாலும், உரிமக் கணக்கில் வருவது 24 மட்டுமே. அந்த 24 கோர்களுக்கும் ஸ்டாண்டர்ட் பதிப்பின் உரிமத்தை ஒருமுறை வாங்கினால் விண்டோஸ் இயங்கும் விர்ச்சுவல் மெஷின்கள் (ஒரே சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கும் கணினிகள்) இரண்டை வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது வேண்டுமென்றால், பாதி விலை என்ற பேச்சுக்கே இடமில்லை. 24 கோர்களுக்கும் மீண்டும் முழுமையாக வாங்க வேண்டும். எனவே கோப்புகளைப் பகிர்வதற்கான மூன்றாவது மெஷினை விண்டோஸ் அல்லாத இயங்குதளமான லினக்ஸில் அமைத்தோம். லினக்ஸ் மெஷின்கள் அந்த இரண்டு என்ற வரம்பில் சேருவதில்லை. எண்ணிக்கை வரம்பே இல்லாத டேட்டாசென்டர் பதிப்பு எங்கள் அளவுக்குத் தேவைப்படவில்லை.

உண்மையான விவாதம் சி.ஏ.எல். எனப்படும் அணுகல் உரிமத்தில்தான் தொடங்கியது. சர்வருக்கு உரிமம் வாங்கிவிட்டால் மட்டும் போதாது. அதை அணுகும் ஒவ்வொரு பயனருக்கோ ஒவ்வொரு சாதனத்துக்கோ தனியாக உரிமம் வேண்டும். விற்பனையாளர் எங்கள் ஊழியர் பட்டியலைக் கேட்டு வாங்கி, அத்தனை பேருக்கும் பயனர் உரிமம் என்று கணக்குப் போட்டு அனுப்பியிருந்தார். தையல் லைன்களில் பண்டல் பார்கோடுகளைப் பதிவுசெய்யும் டெர்மினல்களைக் காலை ஷிப்டில் ஒருவரும் மாலை ஷிப்டில் வேறொருவரும் பயன்படுத்துகிறார்கள். விடுப்பில் இருப்பவருக்குப் பதிலாக வருபவர்கள் வேறு. அங்கே சாதன உரிமம் எடுத்தால் டெர்மினல் ஒன்றுக்கு ஒன்றே போதும், எத்தனை கைகள் மாறினாலும் சரி. அலுவலகத்தில் நிலைமை நேர்மாறு: ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்களும் கணக்கர்களும் ஒரே நாளில் மேசைக் கணினி, மடிக்கணினி, கைபேசி மூன்றிலிருந்தும் சர்வருக்குள் வருகிறார்கள், அவர்களுக்குப் பயனர் உரிமமே லாபம். இரண்டு வகைகளையும் கலந்து வாங்க விதியில் இடமுண்டு. ஆகவே இந்தக் கணக்கைப் போடுவதற்கு, என் கருத்தில், விலைப்பட்டியலைவிட மனிதவளப் பிரிவின் ஷிப்ட் பதிவேடுதான் பயன்பட்டது.

இடையில் ஈ.ஆர்.பி. (ஆர்டர், இருப்பு, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும்) மென்பொருள் தந்தவர், தம் வெப் சர்வர் ஒரே கணக்கின் வழியாகத்தான் டேட்டாபேஸோடு பேசுகிறது, ஆகவே ஒரு சி.ஏ.எல். போதும் என்றார். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் பலரின் அணுகலை ஒரே கணக்கில் திரட்டும் மல்ட்டிபிளெக்ஸிங் பற்றிய விதி, நடுவில் எந்த மென்பொருள் நின்றாலும் மறுமுனையில் இருக்கும் பயனர்களையோ சாதனங்களையோதான் எண்ண வேண்டும் என்கிறது.

விண்டோஸுக்கு வாங்கிய சி.ஏ.எல். டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்.கியூ.எல். சர்வருக்குச் செல்லாது, அதற்குத் தனி உரிமம் வேண்டும். அங்கே கோர் கணக்கில் வாங்குவது ஒரு வழி, சர்வர் உரிமத்தோடு சி.ஏ.எல். சேர்த்து வாங்குவது மற்றொரு வழி. எஸ்.கியூ.எல். 2022இல் ஒரு விர்ச்சுவல் மெஷினுக்கு மட்டும் கோர் உரிமம் எடுக்க, குறைந்தபட்சமான 4 கோர்களோடு சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸோ (புதிய பதிப்புகளுக்கும் உரிமை தரும் கூடுதல் ஒப்பந்தம்) சந்தாவோ இருந்தாக வேண்டும். ஆண்டுதோறும் கட்டும் தொகைக்கு எங்கள் முதலாளி ஒப்பவில்லை. அதனால் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தோம். ஷிப்ட் கணக்கு ஏற்கெனவே கையில் இருந்ததால் எண்ணிக்கையைத் திரும்பப் போட வேண்டியிருக்கவில்லை. வருகைப்பதிவு மென்பொருளின் டேட்டாபேஸ் சிறியது என்பதால், அப்போது 10 ஜிபி வரை இலவசமாக இயங்கிய எஸ்.கியூ.எல். எக்ஸ்பிரஸ் பதிப்பிலேயே அதை விட்டுவைத்தோம்.

அக்கவுண்ட்ஸ் பிரிவு கேட்ட கேள்வி நியாயமானது: 2012இல் வாங்கிய சி.ஏ.எல்.கள் கோப்பில் இருக்கும்போது புதிதாக ஏன் வாங்க வேண்டும்? சர்வரின் பதிப்புக்கு இணையான அல்லது அதைவிடப் புதிய சி.ஏ.எல். மட்டுமே செல்லும்; பழையவற்றை நாங்கள் அஷ்யூரன்ஸ் இல்லாமல் வாங்கியிருந்தோம். அவை மைக்ரோசாஃப்டின் ஓப்பன் லைசென்ஸ் என்ற மொத்த உரிமத் திட்டத்தில் வாங்கியவை. அந்தத் திட்டத்தில் புதிய உரிமங்கள் விற்பது 2021 இறுதியோடு நின்றுவிட்டதால், இம்முறை சி.எஸ்.பி. எனப்படும் மைக்ரோசாஃப்ட் கூட்டாளர் விற்பனைத் திட்டத்தின் வழியாக வாங்கினோம். 18 சதவீத ஜி.எஸ்.டி. தொகையைப் பார்த்து முதலில் முகம் சுளித்தவர்கள், அதை உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, நாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம் என்றதும் அமைதியானார்கள்.

மேல்விஷாரம் டேனரியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் மூலம் (தொலைவிலிருந்து சர்வரின் திரையையே திறந்து) வரும் சிலருக்கு, அதற்கான ஆர்.டி.எஸ். சி.ஏ.எல். தனியாக வாங்கினோம். அதற்கு உரிம சர்வர் அமைத்துச் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்க்காமல் 120 நாள் சலுகைக் காலம் முடிந்தால் இணைப்பு மறுக்கப்படும். மற்ற சி.ஏ.எல்.கள் எந்தக் கணினியிலும் நிறுவப்படுவதில்லை. தணிக்கை வந்தால் காட்ட வேண்டியது கொள்முதல் ஆவணங்களைத்தான். எந்த டெர்மினலுக்கு, எந்தப் பயனருக்கு எது என்ற பட்டியலை அவற்றோடு சேர்த்து வைத்திருக்கிறோம். புதிய தையல் லைன் தொடங்குவதற்கான கொள்முதல் படிவத்தில் இப்போது சி.ஏ.எல். என்ற பத்தியும் சேர்ந்திருக்கிறது.