தொண்ணூறு நொடிப் பாட்டுகள்: டோக்கியோ நாட்குறிப்பு

நவம்பர் 10, 2024, ஞாயிறு

மாலை ஆறரை. பக்கத்து வீட்டு டிவியில் சஸாஏ-சான் தொடங்கிவிட்டது. சுவர் மெல்லியது, பாட்டு அப்படியே இங்கே கேட்கிறது. 1969 அக்டோபரில் ஆரம்பித்த அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடர் இது, இன்னும் ஃபுஜி டிவியில் ஓடிக்கொண்டிருக்கிறது. யூகோ ஊனோ பாடிய அதே பழைய பாட்டைத்தான் இன்னமும் போடுகிறார்கள். இசையமைத்தவர் க்யோஹெய் த்சுத்சுமி. ‘புளூ லைட் யோகோஹாமா’ போட்ட அதே ஆள், ஜப்பானிய மெல்லிசை உலகில் கொடிகட்டிப் பறந்த காலத்தில் மீனைத் திருடி ஓடும் பூனைக்கும் மெட்டுப் போட்டிருக்கிறார்.

எங்கள் அலுவலகத்தில் இந்தப் பாட்டைக் கேட்டாலே வயிற்றைக் கலக்குகிறது என்பார்கள். அது முடிந்தால் ஞாயிறு முடிந்தது, விடிந்தால் திங்கள். இதற்கு ‘சஸாஏ-சான் நோய்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அவ்வளவு உற்சாகமான மெட்டு, ஐம்பது வயதுக்காரர்களை இப்படிப் படுத்துகிறது. சட்டை இஸ்திரி போட வேண்டும், எழுந்திருக்கிறேன்.

நவம்பர் 15, வெள்ளி

வேலை முடிந்து கரோக்கி, திரையில் ஓடும் வரிகளைப் பார்த்து நாமே பாடும் இடம். ஆறு பேர், நாலு பேருக்கான அறை. மேஜையில் வறுத்த உருளைக்கிழங்கு, பீர் குவளைகள், நடுவில் பாட்டுத் தேர்ந்தெடுக்கும் தொடுதிரைப் பலகை. எங்கள் மேலாளருக்கு வயது ஐம்பத்தெட்டு. கூட்டத்தில் குரலை உயர்த்தாத மனிதர். பலகையை வாங்கி, ஒன்றும் பேசாமல் ‘மாஸிங்கர் இஸட்’ போட்டார். எழுந்து நின்றார். டையைத் தளர்த்தவில்லை, இறுக்கிக்கொண்டார்!

1972 டிசம்பரில் அந்தத் தொடர் வந்தபோது அவருக்கு ஆறு வயது. இச்சிரோ மிசுகி பாடியது, ச்சூமெய் வதனபே இசை. ராட்சத ரோபோவின் பெயரையும் அதன் ஆயுதங்களின் பெயரையும் உரக்கக் கத்துவதுதான் பாட்டு. உருவகம், பூடகம் எதுவும் கிடையாது. ஆனால் பின்னணியில் அந்தப் பித்தளை வாத்தியங்களைக் கேளுங்கள், யாரும் குழந்தைகள்தானே என்று கையை விரித்துவிடவில்லை. அனிசோங் (அனிமே பாட்டு) என்று இங்கே சொல்லப்படும் இந்த ரகத்தில் எனக்குப் பிடித்ததே இதுதான்.

முப்பதுகளில் இருக்கும் ஒருவர் அடுத்து ‘பட்டர்-ஃப்ளை’ எடுத்தார். 1999இல் வந்த டிஜிமோன் தொடரின் பாட்டு. பாடிய கோஜி வாதா 2016 ஏப்ரலில் புற்றுநோயால் இறந்தார், வயது 42தான். இவர் திரையைப் பார்க்கவே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு பாடினார். முதல் சரணம் வரை.

அதற்கப்புறம்தான் வேடிக்கை. டிவியில் வந்தது ஏறத்தாழ தொண்ணூறு நொடி. ஒலித்தட்டில் பாட்டு நாலு நிமிடம். இரண்டாவது சரணம் வந்ததும் எல்லோரும் தடுமாறுகிறார்கள். எழுத்துகள் நிறம் மாறி ஓடிக்கொண்டே இருக்கின்றன, மைக் பிடித்தவர் பின்னால் முணுமுணுத்தபடி துரத்துகிறார், பல்லவி திரும்பியதும் மறுபடி சிங்கமாகிவிடுகிறார். மேலாளரும் இதே கதிதான். சின்ன வயதில் வாரம் தவறாமல் கேட்ட தொண்ணூறு நொடி எலும்பில் ஊறியிருக்கிறது. மிச்சம் இரண்டரை நிமிடம் யாரோ வேறு ஒருவருடைய பாட்டு.

‘இவாஞ்செலியன்’ பாட்டுக்கு மட்டும் இந்தச் சிக்கல் இல்லை. அதை முழுசாக எல்லோரும் பாடினார்கள். 1995இல் வந்தது. அப்போதிருந்து கரோக்கி அறைகளில் பாடிப் பாடி இரண்டாவது சரணமும் படிந்துவிட்டது போல. இத்தனைக்கும் பாடலாசிரியர் நெகோ ஒய்காவா, தொடரைச் சரியாகப் பார்க்காமலேயே, திட்டக் குறிப்பைப் புரட்டிவிட்டு இரண்டு மணி நேரத்தில் எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார்.

நவம்பர் 16, சனி

தொண்டை கட்டிவிட்டது. சுக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டு மிசுகியைப் பற்றிப் படித்தேன். 1999இல் 24 மணி நேரத்தில் ஆயிரம் பாட்டு பாடியிருக்கிறார் மனிதர். நான் நாலு பாடி இப்படிக் கிடக்கிறேன். மாஸிங்கரின் அந்த ‘இஸட்’டை ‘ஸெட்!’ என்று அவர் நீட்டிக் கத்துவது இங்கே எல்லோருக்கும் தெரியும். 2022 டிசம்பரில், 74 வயதில் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்புகூட, சக்கர நாற்காலியில் உட்கார்ந்து மேடையில் பாடியிருக்கிறார். மெட்டுப் போட்ட வதனபே அதே வருடம் ஜூனில் போனார், 96 வயது.

நவம்பர் 19, செவ்வாய்

கவிஞர் ஷுந்தாரோ தனிகாவா 13ஆம் தேதியே காலமாகிவிட்டாராம், இன்றுதான் செய்தி வந்தது. வயது 92. டிவியில் அவர் கவிதைகளை வாசிக்கிறார்கள். ஸ்னூப்பி படக்கதைகளை ஜப்பானியத்துக்குக் கொண்டுவந்ததும் அவர்தான். மேலாளர் மதியச் சாப்பாட்டின்போது சொன்னது இது மட்டும்: “அத்தோமு பாட்டு எழுதினவர் போய்விட்டார்.”

ஒசாமு தெசுகாவின் ஆஸ்ட்ரோ பாயைத்தான் இங்கே அத்தோமு என்கிறார்கள். 1963 ஜனவரி 1 அன்று டிவியில் தொடங்கியபோது தலைப்பு இசைக்கு வரிகள் கிடையாது, தத்சுவோ தகாயின் மெட்டு மட்டும். பிறகுதான் தனிகாவா எழுதிச் சேர்த்தார், சிறுவர் கோஷ்டி ஒன்று பாடியது. அவருடைய முதல் தொகுப்பு 1952இல் வந்தது. பிரபஞ்சத்தில் மனிதனின் தனிமையைப் பற்றிய கவிதைகள். அதை எழுதியவரிடமே வானத்தைத் தாண்டிப் பறக்கும் ரோபோப் பையனுக்கு ஒரு பாட்டுக் கேட்டிருக்கிறார்கள், அவரும் நடுவில் ஒரு ‘லாலாலா’ போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த ‘லாலாலா’ இடத்தில்தான் எல்லா வயதுக்காரரும் சேர்ந்துகொள்கிறார்கள். மறுபடி சொல்கிறேன், இறங்கி வந்து எழுதுவது வேறு, இளப்பமாக நினைத்து எழுதுவது வேறு. ‘ஹௌல்ஸ் மூவிங் காசில்’ படத்தின் கடைசிப் பாட்டும் தனிகாவா எழுதியதுதான்.

நவம்பர் 20, புதன்

வேலை விஷயமாகத் தகதானோபாபா பக்கம் போனேன். யாமனோத்தே ரயில் புறப்படும்போது இந்த நிலையத்தில் ஒலிப்பது அத்தோமு மெட்டு. கதைப்படி அவன் பிறந்தது 2003 ஏப்ரல் 7, பிறந்த இடம் இந்தப் பேட்டையில் உள்ள விஞ்ஞான அமைச்சகம். அந்த வருடம் வந்தபோது ரயில்காரர்கள் அவன் பாட்டையே புறப்பாட்டு மணியாக வைத்துவிட்டார்கள். வழக்கமாக இந்த மெட்டு கேட்டால் ஜனம் படியில் ஓடும். இன்றும் ஓடியது. ஒரு பெரியவர் மட்டும் ரயிலில் ஏறாமல், மெட்டு அறுபட்டுக் கதவு மூடும் வரை நின்று கேட்டார். அடுத்ததில் ஏறினார். நானும் அடுத்ததில்தான் போனேன்.

நவம்பர் 23, சனி

விடுமுறை. மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். “அப்பா, அந்தப் பாட்டில் எல்லாம் ரோபோ பேரைத் தவிர வேற ஒண்ணுமே இல்லையே” என்கிறாள். அவளுக்கு யோஆசோபி என்ற இக்கால இசைக்குழுவின் ‘ஐடல்’தான் பாட்டு.

அவள் சொல்வதும் வாஸ்தவம்தான். ஆனால் பிறகு வந்தவை வேறு ரகம். ஒலித்தட்டுக் கம்பெனிகள் தங்கள் பாடகர்களின் புதுப் பாட்டுகளை அனிமேக்களோடு கோத்துவிடுவது எண்பதுகளிலேயே தொடங்கி, தொண்ணூறுகளில் வழக்கமாகிவிட்டது. 1993இல் வந்த ‘ஸ்லாம் டங்க்’ கூடைப்பந்து அனிமே, அதன் பாட்டோ முழுக்கக் காதல், பந்து என்ற வார்த்தைகூட வராது. கதையோடு ஒட்டாத பாட்டு என்று நான் முகம் சுளிப்பேன். ஆனால் அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதில் கூடைப்பந்து மைதானம்தான் தெரிகிறதாம். சரி, அது அவர்கள் பாடு.

எனக்கென்று இருப்பது ஒன்றே ஒன்று. தொண்ணூறுகளில் ஞாயிறு காலை தூர்தர்ஷனில் வந்த ‘ஜங்கிள் புக்’. குல்சார் வரிகள், விஷால் பரத்வாஜ் இசை. ஒரு வார்த்தை இந்தி புரியாமல் தெருவே பாடியது. அந்தத் தொடரை 1989இல் எடுத்தது நிப்பான் அனிமேஷன், இங்கேதான். மேலாளரிடம் பாடிக் காட்டினேன். மௌக்லியைத் தெரிகிறது, பாட்டை அவர் கேட்டதே இல்லை. ஜட்டி போட்ட பூ என்று அர்த்தம் சொன்னதும் சோடா மூக்கில் ஏறிவிட்டது அவருக்கு.

நவம்பர் 24, ஞாயிறு

மகளோடு ஒய்சுமி-கக்குவென். நிலையத்துக்கு வெளியே அத்தோமு, குத்துச்சண்டை ஜோ, லும் என்று அனிமே பாத்திரங்களுக்கு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். ‘கேலக்ஸி எக்ஸ்பிரஸ் 999’ மேத்தெல், தெத்சுரோ இருவரும் இருக்கிறார்கள். இங்கே ரயில் மெட்டும் அதுதான், 1979 படத்துக்கு கொதைகோ குழு பாடியது. மகள் லும்மோடு படம் எடுத்துக்கொண்டாள்.

வருடக் கடைசி விருந்துக்கு என் பாட்டு முடிவாகிவிட்டது, 999. பல்லவியில் பாதி ஆங்கிலம், எனக்குச் சமாளிக்கலாம். மேலாளருக்குத் தகவல் அனுப்பினேன். “அது என் பாட்டு, வேறு பாருங்கள்” என்று உடனே பதில். இரண்டாவது சரணம் தெரிந்தவருக்குத்தான் பாட்டு என்று பந்தயம் கட்டியிருக்கிறேன். இன்று ராத்திரியே உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வேண்டும்.