தலை ஆடும், எழுத்து ஆடாது

கண்ணாடி பவர் மைனஸ் 2.5-லிருந்து 4-க்கு ஏறியது. புதுக் கண்ணாடியோடு மாடிப்படி இறங்கினால் தரை நீந்துகிறது. "நாலு நாள்ல செட் ஆயிடும் சார்" என்றார் கடைக்காரர். எது செட் ஆகும் என்று பார்க்கத்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

முதல் நாள்: கையெட்டும் தூரத்தில் செய்தித்தாள், போனில் தாளம் தட்டும் மெட்ரோனோம் ஆப். நிமிடத்துக்கு 240 தட்டு, தட்டுக்கு ஒரு பக்கம். அதாவது விநாடிக்கு இரண்டு முழு ஆட்டம். தாளை ஆட்டினால் எழுத்தெல்லாம் கறுப்புத் தீற்றல். தாளைச் சுவரில் ஒட்டி, அதே வேகத்தில் தலையை ஆட்டினேன். ராசிபலன் வரை படிக்க முடிந்தது, லேசான மிதப்போடு.

பார்வையை நம்பிக் கண் ஒரு பொருளைத் துரத்த சுமார் 100 மில்லிவிநாடி ஆகும். தலை திரும்பினால் மட்டும் சேதி காதிலிருந்து வருகிறது. உட்காதின் அரைவட்டக் குழல்களில் திரவம் பின்தங்க, நரம்புச் சேதி மூளைத்தண்டுக்குப் போய், தலைக்கு எதிர்த்திசையில் கண்ணைத் திருப்பச் சொல்லி அங்கிருந்தே கண் தசைக்கு ஆணை. இடையில் மூன்றே நரம்பணுக்கள், 10 மில்லிவிநாடிக்கும் குறைவு. நாம் என்ன பார்க்கிறோம் என்று யாரும் கேட்பதில்லை.

இரண்டாம் நாள்: அந்தத் தாமதத்தை அளக்க ஆசைப்பட்டேன். நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு, எதிரே விநாடிக்கு 240 பிரேமில் ஸ்லோ மோஷன் வீடியோ. பொட்டு வலப்புறம் போகக் கருவிழி இடப்புறம் போவது அழகாகத் தெரிந்தது. தாமதம்? ஒரு பிரேமே 4 மில்லிவிநாடி, படமும் மங்கல். தோல்வி.

மூன்றாம் நாள், சுழல் நாற்காலி. அக்கா மகள் வலப்பக்கமாகப் பத்துச் சுற்று சுற்றிச் சட்டென்று நிறுத்தினாள். குழல்களில் திரவம் நிற்காமல் ஓட, நான் இடப்பக்கம் சுற்றுவதுபோல் ஒரு மயக்கம். வீடியோவில் கண் மெதுவாக வலப்புறம் நகர்ந்து, வெடுக்கென்று இடப்புறம் துள்ளுகிறது, மறுபடி மறுபடி. "மாமா, கண்ணு டைப் அடிக்குது!" என்று அவளுக்கு ஒரே சிரிப்பு. காதில் வெந்நீரும் குளிர்நீரும் விட்டு இதே துள்ளலை வரவழைத்து ஆராய்ந்த ராபர்ட் பாரானிக்கு 1914-ம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. அதை வீட்டில் செய்யும் உத்தேசம் இல்லை.

இனி கண்ணாடி விஷயம். மைனஸ் லென்ஸ் காட்சியைச் சுருக்குகிறது. என் கணக்கில், பழையதைவிடக் கண் சுமார் 4 சதவீதம் குறைவாகத் திரும்பினால் போதும். காதுக்கு இது தெரியாது, பழைய அளவிலேயே திருப்புகிறது. மிச்சம்தான் நீச்சல். காட்சி வழுக்குவதைச் சிறுமூளை கவனித்து அளவைத் திருத்துகிறது. 1970-களில் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மெல்வில் ஜோன்ஸ் குழு இட வலத்தை மாற்றிக் காட்டும் கண்ணாடியை ஆட்களுக்கு வாரக்கணக்கில் மாட்டிவிட்டது. தலை ஆட்டத்துக்குக் கண்ணைத் திருப்பும் அந்த அனிச்சைச் செயலே திசை மாறத் தொடங்கியது. அதோடு ஒப்பிட்டால் என் 4 சதவீதம் சில்லறை.

ஐந்தாம் நாள் ராசிபலன் மிதக்கவில்லை. ஆறாம் நாள் பழைய கண்ணாடியைப் போட்டுப் படியிறங்கினேன். இப்போது அதில் தரை நீந்துகிறது.